நுரை போன வழி

ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்கள் சிலரை அழைத்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களோடு ஒரு நாள் பேசவைத்தார்கள். கூட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "சார், வாஷிங் மெஷின் நுரை ட்ரெயினேஜ் வழியா பொங்கி வருதுன்னு எங்களுக்கு அடிக்கடி கம்ப்ளெய்ண்ட் வருது. உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது" என்றார். இருந்தது என்றேன். பலர் சிரித்தார்கள். எழுபதுகளில் தாம்பரத்தில் வாஷிங் மெஷினா என்று அவர்களுக்குச் சந்தேகம். அன்று சொல்ல நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பதவிக்கு அப்போது சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்று பெயர். அறுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். பயிற்சியில் கிணற்றின் அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அளந்து பிளீச்சிங் பவுடருக்குக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஈயும் கொசுவும் எப்படிப் பிறந்து வளர்கின்றன என்று படம் வரையவைத்தார்கள். வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பாதிப் பொழுது மனிதர்களைச் சமாதானப்படுத்துவதிலேயே போய்விடும் என்று. முதல் சில வருடங்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கிராமங்களில் அம்மை குத்தினேன். என் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் தெருவில் ஒரு குழந்தையும் இருக்காது. பிறகு தாம்பரத்துக்கு மாற்றல் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஹெல்த் ஆபீசராக டாக்டர் லீலா வந்தார்.

டாக்டர் லீலா பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆத்திரத்தோடு எதிரே நிற்பவர்கள், அவர் பேசுவது காதில் விழவேண்டுமே என்பதற்காகவே தங்கள் குரலைக் குறைத்துக்கொள்வார்கள். சோதனைக்குப் போன இடத்தில் உட்கார்ந்து எந்த உத்தரவும் எழுதமாட்டார். "இன்னைக்குப் பார்ப்போம், நாளைக்கு எழுதுவோம்" என்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கொடுத்ததை உடனே குடிக்காமல் வெளிச்சத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடித்திருப்பார். பிறகு முகர்வார். அப்புறம்தான் ஒரு வாய் குடிப்பார். குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தால் அங்கே எங்களுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் வந்த புதிதில் சேலையூர்ப் பக்கம் ஒரு சோடா கம்பெனியில் பாட்டிலுக்குள் புழு கிடந்ததாகப் புகார் வந்தது. இருந்த பாட்டில்களை எல்லாம் உடைத்துப் போட்டுக் கம்பெனிக்குப் பூட்டுப் போடலாம் என்பது என் எண்ணம். அவர் ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டு உட்கார்ந்து, "வழக்கமா எப்படிக் கழுவுவீங்களோ அப்படியே கழுவுங்க, நாங்க இருக்கோம்னு நினைக்காதீங்க" என்றார். பயந்துபோன முதலாளி ஒவ்வொரு பாட்டிலாகக் கழுவிக் காட்டினார். கோலி சோடா பாட்டிலின் கழுத்து இறுகியிருக்கும் அல்லவா, அவர் வைத்திருந்த பிரஷ் தேய்ந்து தேய்ந்து அந்த இடத்துக்கு எட்டவே இல்லை. புது பிரஷ் வாங்கியதோடு அந்தப் புகார் முடிந்தது. திரும்பி வரும்போது டாக்டர் சொன்னார்: "மூடறது சுலபம், கிருபாகரன். மூடிட்டா அப்புறம் என்ன தப்புன்னு நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது." எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர் எதற்கு இவ்வளவு யோசிக்கிறார் என்றுதான் தோன்றியது.

இனி நுரைக்கு வருகிறேன்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் பாதையில் அப்போது வயல் பாதி, மனை பாதி. அந்தப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நகரத்தில் இருந்த ஒருவர் வரிசையாக எட்டு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எட்டு வீட்டுக் காலனி என்றே அதற்குப் பெயர். ஆசிரியர்களும் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களும் குடியிருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. வீடுகளின் குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் செப்டிக் டேங்கிலிருந்து வழிவதும் ஒரே மண்குழாயில் சேரும். அந்தக் குழாய் வீடுகளுக்குப் பின்னால் பூமிக்கடியில் ஓடி, கிணற்றைத் தாண்டி, வயலோரம் இருந்த திறந்த வாய்க்காலில் போய் விழும்.

காலனியை ஒட்டி அதே உரிமையாளரின் காலி மனை ஒன்று இருந்தது. அதில் கொட்டகை போட்டு ஸ்டெல்லா அம்மா லாண்டரி ஆரம்பித்தார். கணவர் இல்லை. நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்த ஹோட்டல் தன் பழைய மெஷினைக் கழித்துக்கட்டியபோது அதை வாங்கி, லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பெரிய பீப்பாயைப் படுக்கவைத்ததுபோல இருக்கும். உள்ளே துணி உருண்டு உருண்டு துவைபடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். நர்சிங் ஹோம் படுக்கை விரிப்புகளும் ஹாஸ்டல் துணிகளும் அங்கே வந்தன. மூன்று பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். மெஷினுக்குத் தண்ணீர், மனையில் அதற்காகவே தோண்டிய ஓர் உப்புக் கிணற்றிலிருந்து. மெஷினின் கழிவுநீரை, உரிமையாளரின் சம்மதத்தோடு, காலனியின் மண்குழாயிலேயே இணைத்திருந்தார்கள்.

மெஷின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் புகார் வந்தது. கொடுத்தவர் மூன்றாம் வீட்டு வரதராஜன். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் போனதும் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினார். தரையில் தண்ணீர் போகும் துவாரத்திலிருந்து நுரை பொங்கிப் பொங்கி வந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நின்றது. உள்ளே இருந்த வாளியின் கைப்பிடி மட்டும்தான் தெரிந்தது.

"அந்த மெஷின் தண்ணியைத் திறந்து விடறப்பல்லாம் எட்டு வீட்லயும் இதே கதைதான் சார்" என்றார் வரதராஜன். "என் பொண்ணு வசந்தா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. நேத்து குளிக்கப் போனவ வழுக்கிட்டா. நல்லவேளை, கதவைப் பிடிச்சுக்கிட்டா. அந்த லாண்டரியை எப்ப மூடுவீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

ஸ்டெல்லா அம்மாவிடம் போனேன். என்னைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஹோட்டல்ல நாங்க பார் சோப்பைச் சீவி, காய்ச்சி ஊத்துவோம் சார். நம்ம ஊர் உப்புத் தண்ணியில அது சரியா நுரைக்காது. இப்ப இந்தப் பவுடர் வந்திருக்கு. துணி நல்லா வெளுக்குது. ஆனா எந்தத் தண்ணியில போட்டாலும் நுரைச்சுத் தள்ளுது. பாதியாக் குறைச்சுப் பாத்துட்டேன்."

இருவரும் சேர்ந்து சில ஏற்பாடுகள் செய்தோம். துவைத்து முடித்துத் தண்ணீரைத் திறந்துவிடும் முன்பு, பழைய பார் சோப்பைக் கரைத்து ஒரு குவளை ஊற்றச் சொன்னேன். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும். அந்தத் திரிசல் பவுடரின் நுரையை உடைத்துவிடும். இது அவருக்கும் தெரிந்த கைவைத்தியம்தான். அடுத்து, மெஷினுக்கும் மண்குழாய்க்கும் நடுவே செங்கல்லில் ஒரு திறந்த தொட்டி கட்டவைத்தேன். மெஷின் தண்ணீர் தொட்டியில் விழுந்து, நுரை மேலே தங்கிவிடும். அடியில் இருக்கும் வளைந்த குழாய் வழியாகத் தண்ணீர் மட்டும் போகும். ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் நான் சொன்னபடியே அவர் செய்தார். நுரை குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. முழங்கால் அளவுக்கு வந்தது கணுக்கால் அளவுக்குக் குறைந்தது, அவ்வளவுதான். வரதராஜன் இரண்டாம் புகாரில் எட்டு வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்.

டாக்டரிடம் போய்ச் செய்ததையெல்லாம் சொன்னேன். மூடுவதற்கான நோட்டீஸைத் தயார் செய்யலாமா என்றும் கேட்டேன். அவர் வேறொன்று கேட்டார்.

"அந்தப் பக்கம் எவ்வளவு வெளிய வருது?"

"எந்தப் பக்கம், டாக்டர்?"

"வாய்க்கால்ல. குழாய் முடியற இடத்துல."

அங்கே நான் போயிருக்கவில்லை. மறுநாள் முனுசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். முனுசாமி எங்கள் அலுவலகத்தில் சாக்கடைப் பராமரிப்பில் மூத்த ஆள். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று அவரைக் கேட்டால் போதும். வயலோரம் கோரைப்புல்லை விலக்கிக் குழாயின் வாயைக் கண்டுபிடித்தோம். லாண்டரியில் மெஷினைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு அங்கேயே காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு விரல் பருமனுக்குத் தண்ணீர் கசிந்தது. அதில் நாலு குமிழி. அதோடு சரி.

"இன்னா சார் இது" என்றார் முனுசாமி. "அங்க மெஷின்ல இருந்து அம்மாந் தண்ணி வுடறாங்கோ. இங்க ஒரு சொம்பு ரொம்ப மாட்டேன்னுது. நடுவுல எங்கியோ அடச்சிகினு கீது. அடச்சிகினு மட்டும் இருந்தா தண்ணி பூரா வூட்டுக்குள்ள வந்துருக்கணும். அப்டியும் வர்ல. எங்கியோ பூமிக்குள்ள எறங்கிகினு கீது."

குழாயில் அடைப்பு இருக்கிறது, உடைப்பும் இருக்கிறது என்று அவர் சொன்னதில் எனக்கும் சந்தேகமில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. பாடத்தில் படித்தபடி பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கரைத்துக் குழாயில் ஊற்றிப் பார்த்தேன். ஊதா நிறம் எங்கே வெளியே வருகிறதோ அதுதான் உடைந்த இடம். ஆனால் சாக்கடை அழுக்கோடு கலந்தால் அந்த நிறம் சீக்கிரத்தில் வெளுத்துவிடும். எங்கேயும் ஒன்றும் வரவில்லை.

இதைக் கேட்டதும் டாக்டர் தானே வந்தார். நேராக வரதராஜன் வீட்டுக்குப் போய், திண்டாட்டங்களை எல்லாம் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். வசந்தா கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். எட்டாம் மாதம். நடக்கும்போது இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். முகர்ந்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

"ஒரு சுத்தமான பாட்டில் இருக்குமா? மூடியோட."

வசந்தா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தாள். டாக்டர் அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி மேஜைமேல் வைத்தார். வெறும் தண்ணீராக இருந்தால் குமிழிகள் உடனே உடைந்துவிடும். இதில் தண்ணீரின் மேலே மெல்லிய வெள்ளை விளிம்பு ஒன்று நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது கலையவில்லை.

"கிணத்துத் தண்ணிதானே இது?" என்று கேட்டார் டாக்டர்.

வரதராஜனின் முகம் மாறிவிட்டது. "அந்தப் பொம்பளை எங்க கிணத்துலயே விஷத்தைக் கலந்துட்டாளா?"

சற்று நேரத்தில் காலனியே வாசலில் கூடிவிட்டது. எல்லோரும் சொன்னது ஒன்றுதான். லாண்டரியை இன்றே மூடவேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுவேதான் தோன்றியது. டாக்டர் வாசலோரம் கிடந்த துவைகல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டார்: "இந்தக் காலனியில மஞ்சக்காமாலை யாருக்காவது வந்திருக்கா?"

வந்திருந்தது. அஞ்சாம் வீட்டில் இரண்டு பேருக்கு. கடைசி வீட்டு அம்மாவுக்கு. மழை முடிந்தால் யாருக்காவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு வருவது வழக்கம்தான் என்றார்கள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல வரதராஜன், "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று லாண்டரிப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

கதவருகில் நின்ற வசந்தாதான் குறுக்கிட்டாள். "அப்பா, எனக்கு வந்தது பத்தாவது படிக்கறப்ப. அப்ப அங்க லாண்டரியே இல்லப்பா. வெறும் முள்ளுச்செடிதான் இருந்தது."

வரதராஜன் நீட்டிய கையை இறக்கினார். டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் குழாய்ல லாண்டரித் தண்ணி மட்டுமா போகுது? உங்க செப்டிக் டேங்க் தண்ணியும் அதுலதான் போகுது. நுரை கிணத்துக்கு வந்த வழியில அதுவும் வருது. நுரை கண்ணுக்குத் தெரியுது. அது தெரியாது. இத்தனை வருஷமா வந்துட்டிருந்திருக்கு. இன்னைக்கு லாண்டரியை மூடினா நாளைக்கு நுரை நின்னுடும். நீங்களும் நிம்மதியா அந்தத் தண்ணியைக் குடிப்பீங்க."

"அப்ப என்ன செய்யப்போறீங்க?" என்றார் வரதராஜன்.

"கிணத்தை மூடப்போறேன். லாண்டரி ஓடட்டும்."

அன்று எங்களுக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவி முனுசாமி சுருட்டி எடுத்துக்கொண்டபோது, கடைசி வீட்டு அம்மா வாளியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தார். திரும்பும் வழியில் டாக்டர் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "மத்தவங்களுக்குக் காமாலை வந்தா படுத்து எழுந்துடுவாங்க, கிருபாகரன். கர்ப்பத்துல இந்த மாசத்துல வந்தா அப்படிச் சொல்ல முடியாது. தாயும் தாங்கறதில்ல, பிள்ளையும் தாங்கறதில்ல. அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே ஒரு தடவை வந்துடுச்சு, இனி வராதுன்னு நம்பி நான் சும்மா இருக்கமாட்டேன். காமாலையில ஒரு வகை மட்டும் இல்ல." அதுவரை எனக்கு அது நுரைப் புகாராகத்தான் இருந்தது.

கிணறு மூடியிருந்த நாட்களில் முடிச்சூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் பம்புசெட்டிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தோம். அதையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னேன். வசந்தாவுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை டாக்டர் இமையைக் கீழே இழுத்து, கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார். குழாய் எந்தப் பக்கமாக வளைந்து போகிறது என்று காட்ட வரைபடம் எதுவும் இல்லை. குழாய் போட்ட மேஸ்திரி எங்கேயோ போய்விட்டார். எந்த இடத்தில் தோண்டுவது?

அப்போதுதான் டாக்டருக்கு அந்த யோசனை வந்தது. "பர்மாங்கனேட் வெளுத்துப்போச்சு. நுரை வெளுக்காதே. அது எங்க ஏறுதுன்னு பார்ப்போம். சோப்புக் கரைசல் வேண்டாம். தொட்டியும் வேண்டாம். மெஷின்ல நிறையப் பவுடர் போட்டு ஒரேயடியாத் திறந்துவிடச் சொல்லுங்க."

ஸ்டெல்லா அம்மாவிடம் இதைச் சொன்னபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாள் நுரையைக் குறைன்னு சொன்னீங்க. இப்ப ஏத்துன்னு சொல்றீங்க. என்னால யாருக்கும் நோவு வரவேண்டாம் சார். நான் மெஷினையே நிறுத்திடறேன். இந்த மூணு பொண்ணுங்களுக்கு மட்டும் வேற எங்கயாவது வழி பண்ணிக் குடுங்க."

"உங்களால வரல. உங்களாலதான் தெரிஞ்சது" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியுது. அவங்க வீட்டுக்குள்ள மறுபடி நுரை வந்தா என்னை அடிக்க வருவாங்க."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. வரதராஜனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரிடமும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சோதனை நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாண்டரிக்கு வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் வேலைக்காரப் பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"எங்க காலனிக்காரங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கம்மா. எல்லார்கிட்டயும் பேசிட்டேன்" என்றார் ஸ்டெல்லா அம்மாவிடம். "நான் இங்கயே நிக்கறேன். நீங்க போடுங்க."

ஸ்டெல்லா அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பவுடரைக் கொட்டினார். மெஷின் சுழன்று, கண்ணாடி முழுக்க வெள்ளையானது. திறந்துவிட்டார்.

நானும் முனுசாமியும் வீடுகளின் பின்புறம் குழாய் போகும் திசையை உத்தேசமாக வைத்துக்கொண்டு நடந்தோம். குளியலறைகளில் நுரை பொங்கும் சத்தமும், உள்ளேயிருந்து யாரோ அடக்கிக்கொண்டு சிரிப்பதும் கேட்டன. தரையில் ஒன்றும் இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பூவரச மரம் இருந்தது. அதன் அடியில் மட்டும் கோடையிலும் புல் பச்சையாக இருப்பதை முனுசாமி கவனித்துவிட்டார். கடப்பாரையை அங்கே இறக்கி, ஆட்டி, உருவினார். குழி முதலில் இருட்டாக இருந்தது. பிறகு அதிலிருந்து வெள்ளையாக ஒரு குமிழ் எட்டிப் பார்த்தது. அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று. அப்புறம் நுரை மெல்ல மெல்ல ஏறி, புல்லின்மேல் வழிந்தது.

"மாட்டிக்கிச்சு சார்" என்றார் முனுசாமி.

டாக்டர் வந்து பார்த்தார். அங்கிருந்து கிணற்றுச் சுவரைக் கையால் தொட்டுவிடலாம். யாரும் செப்டிக் டேங்குக்குள் இறங்கக்கூடாது, மேலிருந்துதான் தோண்டவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தோண்டி முடியும்வரை நின்றார். பூவரச வேர் மண்குழாயின் ஒரு இணைப்பைப் பிளந்து உள்ளே நுழைந்து, கொத்துக் கொத்தாகக் குழாய்க்குள் நிறைந்திருந்தது. முக்கால்வாசி அடைப்பு. அடைபட்ட தண்ணீரெல்லாம் அந்தப் பிளவு வழியாக மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் சேர்ந்திருக்கிறது. வீடுகளின் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் அது யாருக்கும் தெரியாமலே வடிந்துபோனது. மெஷின் தண்ணீர் மொத்தமாக வந்தபோது போக வழியில்லாமல் வீடுகளுக்குள் திரும்பியிருக்கிறது. வரதராஜன் அந்த வேர்க்கொத்தைக் குச்சியால் புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத்தனை வருஷமாக் காமாலை குடுத்தது இதுதானா சார்" என்றார்.

கிணற்றை ஒட்டிய பகுதி முழுக்க வார்ப்பிரும்புக் குழாய் போட்டு, இணைப்புகளை ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்தார்கள். மீதிப் பாதைக்கும் புதுக் குழாய் பதித்து, நடுநடுவே திறந்து பார்க்கத் தொட்டிகள் கட்டினார்கள். உரிமையாளரைச் சம்மதிக்கவைக்க டாக்டரே அவர் வீடு தேடிப் போய்வந்தார். கிணற்றை இறைத்துக் காலி செய்தோம். ஊறிய பிறகு, பிளீச்சிங் பவுடரைக் குழைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை வாளியில் இறக்கிக் கிணறு முழுவதும் கலக்கினோம். பிறகு மறுபடி இறைத்தோம். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, நல்ல முடிவு வரும்வரை கயிற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்குள் வசந்தாவுக்குப் பிரசவ வலி எடுத்து, பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் தினமும் பயந்தது நடக்கவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. புதுக் குழாய் சரியாகப் போகிறதா என்று பார்க்கவேண்டும். வரதராஜன் வழியாக இது காலனி முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. அன்று காலை நானும் முனுசாமியும் வயலோரத்து வாய்க்காலுக்குப் போனால், எங்களுக்கு முன்னாலேயே அங்கே கூட்டம். எட்டு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஆபீசுக்குப் போகிறவர்கள் கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றார்கள். கடைசி வீட்டு அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். வசந்தா மட்டும் வீட்டில், குழந்தையோடு. டாக்டர் லீலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றார். வரதராஜன் லாண்டரி வாசலில் நின்றுகொண்டு துண்டை வீசிக் காட்டினார். திறந்துவிட்டாயிற்று என்று அர்த்தம்.

குழாயின் வாய் காய்ந்து கிடந்தது. எங்கேயோ ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. முதலில் ஒரு கொடி போலத் தண்ணீர் வந்தது. கடைசி வீட்டு அம்மா, "அவ்வளவுதானா" என்றார். பிறகு குழாய்க்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. வாய் நிறையத் தண்ணீர் பாய்ந்து வந்து வாய்க்காலில் விழுந்தது. அதன் பின்னாலேயே நுரை, வெள்ளையாக, பந்து பந்தாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து எட்டு வீட்டுக்காரர்களும் கைதட்டினார்கள்.

லாண்டரிக் கொட்டகையிலிருந்து ஸ்டெல்லா அம்மா ஓடி வந்தார். கைதட்டும் சத்தம் கேட்டு, ஏதோ தகராறு என்று நினைத்துவிட்டாராம். மூச்சு வாங்க வரப்பில் நின்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வந்துடுச்சும்மா" என்றார் டாக்டர். "நுரை மொத்தமும் இங்க வந்துடுச்சு."